எதிர்மலை

உங்கள் அலுவலகக் காபி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். எப்படிப் போட்டாலும் காபியில் ஒரு கசப்பு தங்கிவிடும். என் கணவர் வாமன் மட்டும் அதைக் குறை சொல்லாமல் குடிப்பார். அவர் எதையுமே குறை சொல்கிறவர் இல்லை. தொல்லை அங்கேதான் தொடங்கியது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நான் அவரைச் சந்தித்தது பாரிஸில். படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை பார்த்தேன். நனைந்த கோட்டுக்குள் சுருட்டி வைத்து மூன்று படங்களைக் கொண்டுவந்தார். கொங்கணக் கடற்கரைக்காரர், ஓவியம் படிக்க வந்தவர், சிரிக்கும்போதுகூட இருமினார். படத்தை விரித்தேன். செம்மண் சரிவு, ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கிற ஓட்டு வீடுகள், கீழே கழிமுகம், மேலே தார் பூசினாற்போல் வானம். கண்ணாடி வெட்டும் கருவியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

"இது எந்த இடம்?" என்று கேட்டேன்.

"எங்க ஊருதான். அங்க இருந்தவரைக்கும் இது என் கண்ணுல பட்டதே இல்ல. விட்டுட்டு வந்தப்புறம்தான் தெரியுது."

அந்தப் பேச்சை அன்றைக்கு ஏதோ ஊர் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அதன் உண்மையான பொருள் புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

கல்யாணம் செய்துகொண்டோம். பாரிஸ் குளிர் அவர் நுரையீரலுக்கு ஆகவில்லை. தெற்கே, என் அம்மா விட்டுப்போன கல்வீட்டுக்கு அழைத்து வந்தேன். விசாரணைக்கு நீங்கள் நேரில் வந்து பார்த்த வீடுதான். முற்றத்தில் ஒலிவ மரம், தோட்டச் சுவருக்கு அப்பால் காய்ந்த புல்வெளி, அங்கிருந்து ஏறிப் போகும் எதிர்மலை, மலை முழுக்கப் பைன் மரங்கள். பாதி உயரத்தில் பாப்திஸ்தேன் என்ற ஆட்டுக்காரனின் குடிசை.

வாமனுக்கு இருமல் நின்றது. சதை போட்டார். பாப்திஸ்தேனோடு மாலையில் சோம்பு மதுவும் இரும்பு உருண்டை வீசும் விளையாட்டும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு எதிர்மலையை வரைவார். பாப்திஸ்தேன் பின்னால் நின்று சீண்டுவான்.

"ஏம்ப்பா வாமன், இந்த மலைய எத்தன தடவதான் வரைவ? அது எங்கயும் ஓடிப்போயிடாது."

"ஓடாதுன்னுதான் நிம்மதியா வரையறேன்."

"என் ஆட்ட ஒண்ண வரையேன். அதுங்க ஓடும்."

"அதுங்க நாத்தத்த எப்படிப்பா வரையறது?"

இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் படங்களைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். சுத்தமான வானம், சுத்தமான பச்சை. மருந்துக்கடைக் காலண்டரில் இருப்பதுபோல. பாரிஸிலிருந்து கலைக்கூடக்காரர் ஒருவர் வந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று "அழகா இருக்கு" என்றார். சாப்பிட்டார். வெறுங்கையோடு ரயிலேறினார்.

"நான் நல்லா இருக்கேன், சொலாஞ்ச். நல்லா இருக்கறது ஒரு தப்பா?" என்றார் வாமன் அன்றைக்கு.

தப்பில்லை என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

அந்தப் பெரிய உறைபனியில் ஒலிவ மரம் செத்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, இந்த வட்டாரம் முழுக்கவே மரங்கள் செத்தன. வெட்டி எடுத்த பிறகு வாமன் பல நாள் அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அந்த மரத்தை வரைந்தார். ஐயா, நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்புக்குள் வெள்ளியாக எரிகிற மரம். பாரிஸில் நான் பார்த்த அந்தக் கை திரும்பி வந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருப்பதை அவரால் வரைய முடியாது. போனதைத்தான் முடியும்.

படம் முடிந்ததும் மறுபடி சந்தோஷமாகிவிட்டார். மறுபடி ஜன்னல், மறுபடி பச்சை.

அவரிடம் ஒரு நாய் இருந்தது. பிபீ என்று பெயர். அது கஷ்டப்படவில்லை. என் அப்பா வேட்டைக்காரர், வலிக்காமல் முடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். காணாமல்போய்விட்டது என்று சொன்னேன். அவரும் பாப்திஸ்தேனும் மலையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் அந்தச் சாலைப் படம். காலியான சாலை, அந்தி, வேறொன்றுமில்லை. அதன் முன்னால் ஒரு பெண்மணி அழுததாகப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஒரு கிழட்டு நாய்க்கு அது அதிகமான மரியாதை என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் கொடுமைக்காரி என்று உங்கள் எழுத்தர் என்னை நிமிர்ந்து பார்க்கிறார். பரவாயில்லை. எழுதட்டும்.

அந்த ஆகஸ்டில் வடகாற்று பல நாள் விடாமல் அடித்தது. அப்படிப்பட்ட காற்றில் எங்கள் ஊரில் யாரும் வெளியே நெருப்புப் பற்றவைப்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாமன் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போனார். நான் பாத்திரம் கழுவினேன். துணி காயப்போட்டேன். பிறகு தோட்டச் சுவரைத் தாண்டிப் போய்ப் புல்லின் ஓரத்தில் ஒரு தீக்குச்சியை வைத்தேன். காற்று முதுகுப்பக்கமிருந்து மலையை நோக்கி அடித்தது. அதனால் வீட்டுக்கு ஆபத்தில்லை. அதை முன்பே யோசித்திருந்தேன்.

பாப்திஸ்தேனும் திருவிழாவுக்குப் போயிருப்பான் என்று நினைத்ததாக முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். ஆட்டு மணிகள் கேட்டன. ஆடுகள் மேய்ந்தால் அவன் அங்கேதான் இருப்பான், இது ஊரில் குழந்தைக்கும் தெரியும். கேட்டேன், கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் தீக்குச்சியை உரசினேன். மலை மட்டும் போனால் ஒரு படம் வரும். மலையோடு அவனும் போனால் என்ன வரும் என்று யோசித்தேன்.

குட்டிகளை அவிழ்த்துவிடக் குடிசைக்குள் திரும்பிப் போனானாம். அவன் தங்கை மார்த் சொன்னாள். மணிகள் வெகுநேரம் கேட்டன. இப்போதும் மதிய வேளையில் கேட்கின்றன. நேற்று இந்தக் கட்டடத்தின் நடைவழியில்கூடக் கேட்டது. உங்கள் காவலரிடம் விசாரித்தேன், அவருக்குக் கேட்கவில்லையாம்.

அவன் புகைபிடிக்கும் குழாயிலிருந்துதான் தீ விழுந்திருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவனைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்தில் ரொட்டிக்கடைக்காரர், மார்த்தின் காது படவே, "குடிச்சிட்டுப் புகைக்கிறவன் மலையையே கொளுத்திட்டுப் போயிட்டான்" என்றார்.

வாமன் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "காத்து நாள்ல அவன் குழாயத் தொடவே மாட்டான். வாயில வெறுங்குழாயக் கடிச்சிட்டுத் திரிவான். தெரியாதுன்னா வாய மூடிட்டு இருங்க" என்றார்.

அதன்பின் என்னோடு அதிகம் பேசவில்லை. நான் வருந்தவில்லை. வேலை நடக்கிறது என்று தெரிந்தது. தினமும் கரிந்த மலையில் ஏறிப் போவார். குடிசை இருந்த இடத்தில், கீழே எங்கள் வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சாம்பல் ஒட்டிய கால்சட்டையோடு வருவார். நான் துவைத்துப் போடுவேன். சாப்பாட்டை அறை வாசலில் வைப்பேன். இருமல் திரும்பியிருந்தது. பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவேன். பாரிஸில் இருந்த முதல் குளிர்காலம் போலவே இருந்தது, ஐயா. எனக்கு அப்படியொரு நிம்மதி.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் சந்தையிலிருந்து திரும்பியபோது வாமன் இல்லை. பெட்டியும் இல்லை. தன் ஊருக்குக் கப்பலேறிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அறையில் ஒரு படமும் இல்லை. வரைந்த ஒரே படத்தை மார்த்திடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

மார்த் அதை உங்களிடம் கொண்டுவந்தாள். ஒரு படத்தை வைத்து யாரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாதென்று நீங்கள் அவளைத் திருப்பி அனுப்பினீர்களாம். அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று படத்தை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"நல்லாப் பாருங்க, மதாம். இது எங்கண்ணன் குடிசையிலேர்ந்து பாத்தா தெரியற இடம். உங்க வீடு. உங்க சுவரு. சுவருக்கு வெளிய யாரு நிக்கிறது?"

பார்த்தேன். மலைமேலிருந்து கீழே பார்க்கிற நிலம். சிவப்பும் கரியும் கொட்டிக் குவிந்து, நம் காலடி வரைக்கும் ஏறி வருகிறது. அதற்குக் கீழே, தூரத்தில், எங்கள் வெள்ளைச் சுவர். சுவரோரம் நகக்கண் அளவுக்கு ஒரு மஞ்சள் தீற்று. அதன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற ஒரு சின்ன நீலம். அன்றைக்கு நான் தலையில் கட்டியிருந்த துணி அந்த நிறம்தான். காலையில் வாமன்தான் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மார்த் என் முகத்தில் பயத்தைத் தேடினாள். பாவம், அவளுக்குப் படம் பார்க்கத் தெரியாது. அவள் போனதும் கோட்டை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் இங்கே வந்தேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை. அந்த நீலம் யார் என்று நீங்கள் சந்தேகத்தில் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். தீ வைத்தது நான். ஆள் இருப்பது தெரிந்தே வைத்தேன். சுவரோரம் நிற்பது சொலாஞ்ச் ஷிரோட்கர், ஓவியரின் மனைவி. வாமன் தன் நிலக்காட்சிகளில் ஒரு மனித உருவத்தைக்கூட வரைந்தவர் இல்லை, ஐயா. பாப்திஸ்தேனைக்கூட வரையவில்லை. என்னைத்தான் வரைந்திருக்கிறார். இழந்ததை மட்டுமே வரையத் தெரிந்த மனிதர், என்னை எவ்வளவு நேசித்திருக்க வேண்டும்.