நனைந்த தேயிலைக்கு நற்சான்று தராத கை

கொட்டியாரக் குடாவின் கொண்டல் காற்றுக்கும் கொள்கை குலையாத கோமகளே! சீட்டிலே செம்மையும் சிந்தையிலே சீர்மையும் செழிக்க வாழ்ந்த சட்ட முதுமாணியே! முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் கப்பல் முகவர் நிலையத்தின் ஆவணப் பிரிவை ஆண்டு இன்று ஓய்வுபெறும் அன்புச் சோதரி ஞானமலர் அவர்களே! வணக்கம்!

விளித்தது போதும். இதற்கு மேல் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் மிஸ் கதிரையை விட்டு எழும்பிப் போய்விடுவார் என்பதை இங்கு அறியாதார் ஆர்? ஆகையால் மீதியைச் சபைக்குச் சொல்கிறோம். அவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வந்து, பகலெல்லாம், கப்பலேறும் சரக்கு எவ்வளவு, எந்நிலையில் என்று சான்று சொல்லும் சரக்கேற்றுச் சீட்டு எழுதி, மதிய வேளையில் ஒரு கையில் இடியப்பப் பார்சலும் மறு கையில் கடல் கடந்து தபாலில் வந்த சட்டப் புத்தகமுமாய் இருந்தே சட்டமாணியானவர் அவர். அதோடு நின்றாரா? நாற்பத்திரண்டு வயதில் சர்வதேச வணிகச் சட்டத்தில் முதுமாணிப் படிப்புக்குப் பதிந்தார். அவருடைய உதவியாளர் கனகரத்தினம் அன்று, "இதைப் படிச்சு ஆருக்கு மிஸ் வழக்குப் பேசப் போறியள், குடாவில கிடக்கிற மீனுக்கோ?" என்று பகிடி பண்ணினார். "எங்கட சீட்டை நம்பிச் சரக்கு வாங்கிறவன் கப்பலையும் காணான், எங்களையும் காணான். அவனுக்காகப் படிக்கிறன்," என்றார் மிஸ்.

அந்தப் பரீட்சைக்கு மூன்றே தடவைதான் தோற்றலாம். வராவிட்டாலும் ஒரு தடவை போனது போனதுதான். முதல் தடவை, 1967 கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை கொழும்பில் நடக்கவிருந்தது. வியாழன் கொட்டிய மழையில், கப்பலுக்குச் சரக்குக் கொண்டுபோன வத்தைப் படகுகளிலேயே தேயிலைப் பெட்டிகள் நனைந்துவிட்டன. எங்களிடம் அப்போது ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. "ஏதும் வந்தால் நாங்கள் பொறுப்பு" என்று சரக்கு அனுப்பும் முதலாளி ஒரு கடிதம் தந்தால், நனைந்ததையும் நல்ல சரக்கென்றே சீட்டில் எழுதிக் கொடுப்போம். அதை உதவி என்றே நினைத்தோம்.

மிஸ் மறுத்தார். "வாங்கிறவனை ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாத்திற கடிதம் இது சேர். எந்தக் கோர்ட்டிலயும் நிக்காது," என்றார்.

அன்றைய முகாமையாளர் ஹெக்டர் ஐயா கொதித்தார். "படிச்சது காணும்! நீர் சோதினைக்குப் போம். கனகரத்தினம் கையெழுத்து வைப்பார்."

"நான் போனா வைப்பார் எண்டு தெரியும் சேர். அதாலதான் போகேல்ல."

வைத்திருப்பார் என்பதை, இம்மடலை எழுதும் அதே கனகரத்தினம் இங்கு ஒப்புக்கொள்கிறார்! திங்கட்கிழமை கொழும்பில் பரீட்சை நடந்தது. மிஸ் கப்பலின் சரக்கறையில் பெட்டி பெட்டியாகத் தடவிப் பார்த்து, முன்னூற்றுப் பன்னிரண்டு நனைந்தவை என்று சீட்டிலே பதிந்தார். முதலாளி வேறு முகவரிடம் போனார். வேலை குறைந்த கோபத்தில் நாங்கள் பல மாதம் மிஸ்ஸோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறோம், அது எங்கள் சிறுமை.

மறு ஆண்டு எழுதிச் சித்தியடைந்தார் என்றுதான் இம்மடலில் முதலில் எழுதியிருந்தோம். படித்துப் பார்த்த மிஸ், "பொய் எழுதாதேங்கோ. ரெண்டாம் முறை ஃபெயில்," என்று பென்சிலால் வெட்டினார். ஆம், தவறினார். எஞ்சியது ஒன்றே ஒன்று.

அதற்கிடையில் வேறொரு துறைமுகத்தில், அதே முதலாளியின் நனைந்த சரக்குக்கு நற்சீட்டுக் கொடுத்த முகவர் ஒருவர் வழக்கில் மாட்டினார். கையிலிருந்த கடிதத்தை நீதிமன்றம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவரது நிலையம் இழுத்து மூடப்பட்டது. முதலாளி எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தார். "உங்கட சீட்டு எண்டால்தான் வெளிநாட்டில வாங்கிறான்," என்றார்.

மூன்றாம் தடவை மிஸ்ஸைத் தன் காரிலேயே கொழும்புக்குக் கூட்டிப்போனவர் ஆர் தெரியுமா? ஹெக்டர் ஐயா! "நான் பறிச்ச சோதினை, நான்தான் கொண்டுபோய் விடவேணும்," என்று சொல்லி, மண்டப வாசலில் மூன்று மணித்தியாலமும் வெயிலில் நின்றார். சித்தியென்ற தந்தி அலுவலகத்துக்கு வந்தபோது, அதைக் கையில் பிடித்தபடி மிஸ் நின்ற இறங்குதுறைக்கு ஓடி, கூலியாட்கள் முதல் கப்பற் கப்டன் வரை எல்லோர் காதிலும் விழ உரக்கச் சொன்னார்: "ஞானமலர், அண்டைக்கு நீர் சரி. நான் பிழை." மிஸ் அழுதார். அவர் அழுததை நாங்கள் கண்டது அந்த ஒருநாள்தான்.

அம்மையே! அறிவால் உயர்ந்து, அறத்தால் நிமிர்ந்து, எங்களையும் நிமிர்த்திய எங்கள் பெருமையே! நோயற்ற நெடுவாழ்வும் நிறைந்த மனமும் பெற்று நீடு வாழ்க! நீங்கள் மறுத்த அந்தக் கையெழுத்தை, உங்கள் கதிரையில் நாளை அமரும் கனகரத்தினமும் மறுப்பார். இது சபையறிய அவர் தரும் வாக்கு.

இங்ஙனம்,
உங்களைப் பிரிய மனமில்லா
நிலைய ஊழியர்கள்
திருக்கோணமலை, 1979 ஆனி 30