பெயரைச் சொல்ல மறுத்த சசிரேகா அம்மையார்

அறுந்த இணைப்புகளை ஆற்றலால் இணைத்தவர்! அதிகாரம் அதட்டியபோதும் அசையாதவர்! ஒரகடம் இணையச் சேவை நிலையத்தின் பழுதுநீக்கும் பொறியாளராய்ப் பணியாற்றிப் பணி நிறைவு பெறும் எங்கள் பெருமைக்குரிய சசிரேகா அம்மையாரைப் போற்றி, உடன் உழைத்தோர் வாசித்தளிக்கும் மடல்!

அவருடைய அருமைகளை அடுக்கினால் விழா முடியாது. ஆதலால் ஒன்றை மட்டும் உரைக்கிறோம்.

வடக்குப்பட்டில் ஆலைப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து செந்தாமரை என்பவர் அழைத்தார்: "மேடம், நேத்து மத்தியானம் கரண்ட் போய் வந்ததுலேர்ந்து நெட்டே இல்ல."

அம்மையார் நேரில் சென்றார். மோடத்தில் சிவப்பு விளக்கு. தளர்ந்திருந்த வயரை இறுகச் செருகி, மோடத்தை அணைத்து மறுபடியும் போட்டார். விளக்கு பச்சையானது, விடுதிக்குப் புதிய இணைய முகவரியும் வந்தது. பழைய முகவரி முந்தைய நாளே வேறொரு வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

நிலையத்துக்குத் திரும்பினால், செந்தாமரை வேலை பார்க்கும் ஆலையின் அதிகாரி காத்திருந்தார்.

"எங்க கேன்டீன் சோத்துல புழுன்னு நேத்து சாயங்காலம் யாரோ பேர் போடாம எங்க வெப்சைட்ல எழுதிக்கீறாங்க. எந்த முகவரிலேர்ந்து வந்துதோ, அதே முகவரிலேர்ந்துதான் நேத்து காலைல செந்தாமரை ஆன்லைன்ல லீவு கேட்டுது. அவதான்னு எழுதிக் குடுங்க, வேலைய விட்டுத் தூக்கிடறோம்."

அம்மையார் அந்த முகவரியின் பதிவைக் கணினியில் எடுத்துப் பார்த்தார்.

"நெட் முகவரி லாட்ஜ் ரூம் மாதிரி சார். ஒருத்தர் காலி பண்ணா அடுத்தவங்களுக்குப் போயிடும். சாயங்காலம் அந்த விடுதில நெட்டே கெடையாது."

"அப்ப சாயங்காலம் அது யார் வூட்ல இருந்துது?"

பெயர் அவர்முன் கணினித் திரையிலேயே இருந்தது. சொல்லிவிட்டால் தம் தொல்லை தீரும். யாரோ ஒருவரின் அடுப்பு அணையும்.

"தெரியும். சொல்ல மாட்டேன். கோர்ட் உத்தரவு கொண்டாங்க."

எங்கள் மேலாளர் சங்கரநாராயணன் குறுக்கிட்டார்: "பெரிய கம்பெனிம்மா. ப்ரமோஷன்ல உங்க பேர் இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க."

"அடிச்சிடுங்க சார்."

அடித்தார்கள். அதன்பின் பதவி உயர்வு அவர் பக்கம் திரும்பவேயில்லை. உத்தரவோடு எவரும் வரவுமில்லை. செந்தாமரை அதே ஆலையில் இன்றும் தலைநிமிர்ந்து வேலைக்குப் போகிறார்!

இச்செய்தி மடலில் இடம்பெற வேண்டாமென்று மேலிடம் அறிவுறுத்தியது. அதனால்தான், ஐயன்மீர், இதைத் தவிர வேறெதையும் எழுதவில்லை!

வளையாத எங்கள் அம்மையார் நலமும் வளமும் சூழ, நோயின்றி, எவர்க்கும் அஞ்சாமல், நெடுங்காலம் நிமிர்ந்து வாழ்க! அந்தப் புழுப் புகாரை எழுதியவர் யாரென்று எங்களிடமும் அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்கப்போவதில்லை!

அவர் பக்கம் நிற்கும்,
ஒரகடம் நிலைய ஊழியர்கள் அனைவரும்