பித்தம் வடியும் வழி

எலிக்குப் பித்தப்பை கிடையாது. படித்தவர்கள்கூட இதை நம்புவதில்லை. ஈரலில் சுரக்கும் பித்தநீர் ஒரு குழாய் வழியே நேராகக் குடலுக்குப் போய்விடும். அந்தக் குழாயை நூலால் கட்டினால் சில நாளில் காதும் வாலும் மஞ்சளாகும். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் எனக்கு அதுதான் வேலை. கட்டுவது, பிறகு வடிய விடுவது.

வடிய விட இரண்டு வழிகள். குழாய் வைத்துப் பித்தநீரை உடம்புக்கு வெளியே எடுக்கலாம். அல்லது அடைப்பைத் தாண்டிக் குடலுக்கே திருப்பலாம். எது மேல் என்பதுதான் ஆராய்ச்சி. மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. அதற்கு ஒன்றும் செய்வதில்லை. ஒப்பிட அதுவும் வேண்டும்.

வெளியே குழாய் வைத்த எலிகள் அதைக் கடித்துவிடும். அதனால் அவற்றுக்குச் சட்டை போடவேண்டும். என் மனைவி பூவிழி அரியலூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். மீந்த துணியில் எலிகளுக்கும் தைத்தாள். கழுத்து இறக்கமா, ஏற்றமா என்று கேட்டாள்.

அப்படித் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கண் மஞ்சளாக இருப்பதைக் கவனித்தேன். ஸ்கேனில் பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தது. உடனே திருச்சிக்குப் போய் வடிய விடச் சொன்னார்கள்.

கொஞ்சம் பொறுக்கலாம் என்றேன். ஆராய்ச்சி முடியும் தறுவாயில் இருந்தது. அவசரப்பட்டு ஒன்றைச் செய்துவிட்டு, பிறகு மற்றதே நல்லது என்று தெரிந்தால் என்ன செய்வது? அவளுக்கு இரண்டாந்தரமானதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மிக்ஸி வாங்குவதற்கும் அப்படித்தான் பார்த்தேன். தீபாவளி கழிந்து பொங்கலும் கழிந்தது.

மாமியார் வீரம்மாள் கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கலந்து கொண்டுவந்தார். கொடுக்கவேண்டாம் என்றேன். மருந்து சேர்ந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். எதோடு ஒப்பீடு என்று அவர் கேட்கவில்லை. நான் அந்த வேலையிலேயே இருப்பவன் அல்லவா.

பூவிழிக்கு உடம்பெல்லாம் அரிப்பு. சீப்பால் கையைச் சொறிந்துகொண்டே மிஷினை மிதிப்பாள். நான் வந்ததும் கேட்பாள்.

"ஒங்க எலிங்க எப்படிங்க இருக்கு?"

"இன்னும் முடியல."

"என்னையும் ஒரு கூண்டுல போட்டு வெச்சிருந்தா இந்நேரம் பாத்திருப்பீங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் அண்ணன் கலைச்செல்வன் ஆலத்தியூரிலிருந்து காரோடு வந்தார்.

"ஒரு குழாய் வெச்சா வடிஞ்சிடுமாம் மாப்ள. அவள கெளம்பச் சொல்லுங்க."

எந்த வழியில் வைக்கும் குழாய் என்று கேட்டேன்.

"எந்த வழியா இருந்தா என்ன? கெணத்துல வுழுந்தவனுக்குக் கயித்தப் போடாம, தேங்கா நாரா நைலானான்னு பாப்பீங்களா?"

நல்ல கேள்வி, அதை யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை என்றேன். அவர் என் சட்டையைப் பிடித்தார். பூவிழி எழுந்து வந்து கையை விலக்கினாள்.

"வுடுண்ணா. அவருக்குத் தெரியாததா. நீ போயிட்டு வா."

கார் திரும்பிப் போனது.

பிறகு குளிர்க்காய்ச்சல் வந்தது. கல்லுக்குப் பின்னால் தேங்கியது சீழ் பிடித்து ரத்தத்தில் ஏறிவிட்டது. அதற்குமேல் நான் தடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் லால்குடி வரை இருந்தாள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது முடிவு வந்திருந்தது. குடலுக்குத் திருப்பி விடுவதே மேல். வித்தியாசம் சிறியது, ஆனால் நம்பத்தக்கது. கலைச்செல்வனுக்கு உடனே போன் செய்து சொன்னேன். அவருக்கும் தெரியவேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார்.

முன்கூட்டியே எனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறீர்கள் சார். மறைக்க ஒன்றுமில்லை. வெளியே வடிய விட்டவையும் உள்ளே வடிய விட்டவையும் மஞ்சள் தெளிந்து நன்றாகத் தின்றுகொண்டிருந்தன. பூவிழியின் கண் மஞ்சளாவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன். எது மேல் என்பதுதான் தெரியாமல் இருந்தது.