பெயர் அட்டையில் ஒரு திருத்தம்

ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் வெளிச்சத்தை யாரும் மதிப்பதில்லை. மேலிருந்து மெதுவாக இறங்கும், நிழலை அடியோடு கறுப்பாக விடாது, பால் பாக்கெட்டுக்குக்கூட ஒரு கௌரவத்தைக் கொடுத்துவிடும். சமையலறை விளக்கைப் போடாமல் ஃப்ரிட்ஜைத் திறப்பவர் முகத்தில் அது விழும்போது பார்க்க வேண்டும். ஸ்டூடியோவில் நாலு விளக்கு வைத்தாலும் வராது.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை என்பது தெரியும். விசாரணை போன வாரமே முடிந்துவிட்டது. நான் விதி எதையும் மீறவில்லை என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, புகைப்படப் போட்டியின் முதல் பரிசையும் உறுதி செய்துவிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் உங்கள் முடிவில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாமென்று வந்தேன். கொஞ்சம் நேரம் ஆகும். காபி சொல்லப்போகிறீர்கள் என்றால் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நான் சித்தி வீட்டில் தங்கி ஒளிப்படக்கலை படிக்கிறேன். அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். பெரிய மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், இருபத்தாறு வருட சர்வீஸ். அவர் வேலை என்னவென்று பலருக்குத் தெரியாது. நோயாளியின் வயிற்றைத் திறப்பதற்கு முன் கத்தி, கவ்வி, ரத்தம் ஒற்றும் துணி எல்லாவற்றையும் எண்ணி வைக்க வேண்டும். தைத்து மூடுவதற்கு முன் மறுபடியும் எண்ண வேண்டும். சித்தி 'சரி' என்று சொல்லாமல் எப்பேர்ப்பட்ட சர்ஜனும் ஊசியை எடுக்க முடியாது. இருபத்தாறு வருடத்தில் எவர் வயிற்றுக்குள்ளும் ஒரு துணிகூடத் தங்கியதில்லை. இதை அவராகப் பெருமையடித்துக்கொள்ள மாட்டார். வேறு யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டால், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ரெண்டாவது டிராயர், இடது பக்கம், நூல்கண்டுக்குக் கீழ" என்பார். அங்கேதான் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் செமஸ்டரில் தாடி எங்களுக்கு 'அன்றாட அழகு' என்று ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார். மன்னிக்கவும், துறைத்தலைவர். நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அவருக்கும் தெரியும். நான் சித்தியின் சமையலறையையே எடுத்தேன். மூன்று மாதம் கேமரா ஸ்டாண்டோடு அந்த மூலையிலேயே நின்றது. சோப்பு நுரை, மடித்த துண்டுகள், அளவெடுத்தாற்போல் தொங்கும் கரண்டிகள், எலுமிச்சம்பழம் நறுக்கும் விரல்கள். முதல் வாரம் கேமராவைக் கண்டால் தலைமுடியைச் சரிசெய்துகொண்ட சித்தி, மூன்றாவது வாரம் அதன் மேல் ஈரத்துணியைக் காயப்போட்டார். அந்த அளவுக்குப் பழகிவிட்டது. தாடி என் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குப்பா. பேங்க் காலண்டருக்குக் குடுத்துரு" என்றார். வகுப்பே சிரித்தது. நூற்றுக்கு ஐம்பத்திரண்டு போட்டார்.

அடுத்தது சர்ரியலிசம். கனவில் வருகிற மாதிரி ஒன்றை நேரில் காட்டுகிற கலை. வகுப்பில் பாதிப் பேர் சந்தைக்குப் போய் மீன் தலை வாங்கிவந்து, நண்பன் தோளில் வைத்துப் படமெடுத்தார்கள். மூன்று நாள் வராந்தாவில் நிற்க முடியவில்லை. தாடி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "கம்ப்யூட்டர்ல ஒட்டு வேலை கூடாது. நடிப்பு கூடாது. கேமரா முன்னாடி நெஜமா நடந்திருக்கணும்." அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டே ஒன்று சொன்னார். "ஒரு பொருளை இடம் மாத்தி வெச்சா மட்டும் போதாதுடா. அதோட இடம் எதுன்னு தெரிஞ்ச ஒருத்தர் அதைப் பாக்கணும். அந்த முகத்துலதான் படமே இருக்கு."

அவர் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல வாத்தியார். அவர் சொன்னதைப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

சித்தியின் டியூட்டி ஷூவில் இடது காலை மட்டும் எடுத்து, நன்றாகக் கழுவித் துடைத்து (நான் சுத்தம் பார்க்கிறவன்), ஃப்ரிட்ஜில் பாலுக்கும் முட்டைக்கும் நடுவே வைத்தேன். காலை ஐந்தரைக்குச் சித்தி கதவைத் திறந்தார். நான் கூடத்து சோபாவில் படுத்தபடி போர்வைக்குள் ரிமோட்டை அழுத்தினேன். அவர் முதலில் சிரித்தார்.

"டேய், இது உன் வேலைதானே?"

"எது சித்தி?" என்றேன்.

அவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். சித்தி என்னைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். "அப்ப நானா வெச்சேன்?" என்று முணுமுணுத்தார். உதட்டில் சிரிப்பு அப்படியே நிற்க, கண் மட்டும் எண்ண ஆரம்பித்தது. அதுதான் முதல் படம். நீங்கள் கண்காட்சி போஸ்டரில் போட்டிருப்பது.

கேமரா எப்படிச் சரியாக அந்த நேரத்தில் எடுத்தது என்று அவர் சந்தேகப்படவில்லையா என்பீர்கள். பத்து நொடிக்கு ஒருமுறை அது தானாகவே எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி வைத்திருந்தேன். சரி, இது பொய்தான். ஒரே ஒரு பொய்.

வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் போகவில்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது. பூந்தொட்டியில் நட்டுவைத்த பல்துலக்கும் பிரஷ்கள். சர்க்கரை டப்பாவில் மூக்குக்கண்ணாடி. பாத்ரூம் வாளியில் அலாரம் கடிகாரம், அது தண்ணீருக்குள்ளும் அடித்தது, எனக்கே ஆச்சரியம். இரண்டு ஷூவுக்குள்ளும் ஒவ்வொரு முட்டை வைத்தபோது ஒன்றுகூட உடையவில்லை. அதற்குள் சித்தி, காலை நுழைப்பதற்கு முன் கையை விட்டுப் பார்க்கப் பழகியிருந்தார்.

ஒரு நாள் பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி உட்கார்ந்து துண்டுச்சீட்டுகள் எழுதினார். 'பால் இங்கே.' 'சாவி இங்கே.' 'மாலையில் அடுப்பை அணைத்தேன்.' வீடு முழுக்க ஒட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு அழகு. வெள்ளைச் சீட்டுகள், குண்டுக் குண்டாக அவர் கையெழுத்து. மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் சீட்டுகளை இடம் மாற்றினேன். ஏழாவது படம் அது. அதில் அவர் முகம் தெரியாது. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பார்.

"யார்கிட்டயும் சொல்லாதடா," என்றார் அன்றைக்கு. "உங்கம்மாகிட்ட முக்கியமா சொல்லாத. பயந்துருவா."

நான் சொல்லவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுவதில் நான் கெட்டி.

அந்த மாதக் கடைசியில் தியேட்டரில் ஒரு சம்பவம் நடந்தது. இருபது துணி வைத்தார்கள், எண்ணினால் இருபது இருந்தது. சித்தி 'சரி' சொல்லவில்லை. மறுபடி எண்ணினார், இருபது. இன்னொரு முறை. இன்னொரு முறை. வயிறு திறந்தபடி கிடந்த மனிதரை வைத்துக்கொண்டு சர்ஜன் நாற்பது நிமிடம் கையைத் தூக்கிக்கொண்டே நின்றாராம். மயக்க மருந்து டாக்டர் கத்தினாராம். கடைசியில் சித்தியே கையுறையைக் கழற்றிவிட்டு, "என் கணக்கை நம்பாதீங்க டாக்டர், வேற ஆளைக் கூப்பிடுங்க" என்று வெளியே வந்துவிட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது சித்தி துணி ஸ்டோரில் படுக்கை விரிப்பு மடிக்கிறார். வெள்ளிக்கிழமை அந்த வேலையையும் விடுகிறார். விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதித் தயாராக வைத்திருக்கிறார். அம்மா அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்திருக்கிறாள். சித்திக்கு வயது ஐம்பத்திரண்டு. என் மார்க்கும் அதுதான், சும்மா ஞாபகம் வந்தது.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். பின்னே, வேறு யார் போவார்கள்? ஸ்கேனில் எதுவும் இல்லை. ஞாபகசக்திக்கு வைத்த டெஸ்டில் முப்பதுக்கு முப்பது. டாக்டர் தலையைச் சொறிந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல எப்படி நடந்துக்கறாங்க தம்பி?"

நடந்ததை ஒன்றுவிடாமல் தேதி வாரியாகச் சொன்னேன். ஷூ, முட்டை, கடிகாரம், சீட்டு. பொருட்களை வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கு எப்படிச் சொல்வது? மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைச் சாப்பிட ஆரம்பித்ததும் சித்திக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஷட்டரை மெதுவாக வைத்து எடுத்த பதினொன்றாவது படத்தில் அவருக்கு ஏழெட்டு விரல்கள் இருப்பதுபோல் தெரிகிறதே, அது கம்ப்யூட்டர் வேலை என்று உங்களில் ஒருவர் சந்தேகப்பட்டீர்களாம். நடுக்கம்தான் சார் அது. சுத்தமான நடுக்கம்.

பிறகுதான் ஜூம் உங்களுக்கு மொட்டைக் கடிதம் போட்டான். என் வகுப்பில் எதையும் கிட்டத்தில் போய் மோப்பம் பிடிக்கிறவன், பட்டப்பெயர்ப் பொருத்தம் அப்படி. படத்தில் இருக்கும் அம்மாள் நடிக்கிறார் என்று எழுதினான். நீங்களும் நியாயமாக, அந்த அம்மாளுக்கே கடிதம் எழுதிக் கேட்டீர்கள். சித்தி பதில் போட்டார். அதைப் படித்து இந்த அறையில் இரண்டு பேர் அழுதீர்கள் என்று பியூன் சொன்னார். எனக்கும் ஒரு நகல் வந்தது. 'நான் நடிக்கவில்லை. என் மூளை கொஞ்ச நாளாகச் சரியில்லை. பொருட்களையெல்லாம் நானேதான் அங்கங்கே வைத்திருக்கிறேன், வைத்தது ஞாபகமில்லை. பிள்ளை படம் மட்டுமே எடுத்தான். என்னால் அவன் படிப்பு கெடக்கூடாது. தயவுசெய்து அவனைத் தண்டிக்காதீர்கள்.'

நல்ல கடிதம்தான். ஒரு எழுத்துப்பிழை கிடையாது. ஆனால் அதை நம்பி நீங்கள் என்ன செய்தீர்கள்? கண்காட்சியில் என் பன்னிரண்டு படங்களுக்கும் கீழே புது அட்டை ஒட்டியிருக்கிறீர்கள். 'பொருட்களின் அமைப்பு: மாணவரின் சித்தி. ஒளிப்படம்: மாணவர்.' முதல் வரியில் அவர், இரண்டாவது வரியில் நான். இதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஷூவைப் பாலுக்குப் பக்கத்தில் வைப்பதா, முட்டைக்குப் பக்கத்தில் வைப்பதா என்று நான் இரண்டு நாள் யோசித்திருக்கிறேன். இந்த நோட்டைப் பாருங்கள். பன்னிரண்டு அமைப்புக்கும் பென்சிலில் வரைந்த படம், தேதி, அவர் எந்தப் பக்கமிருந்து வருவார், எத்தனை நொடியில் கண்ணில் படும், எல்லாம் இருக்கிறது. இதெல்லாம் மூளை சரியில்லாத ஒருவர் செய்கிற வேலையா? கலை தெரிந்தவர்கள் நீங்கள், உங்களுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

மேடம், ஃபோனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். சித்தியைத்தானே கூப்பிடப் போகிறீர்கள்? பிரயோஜனமில்லை. இன்று காலை நானே அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, எல்லாவற்றையும் வைத்தது நான்தான் என்று சொன்னேன். ஒரு பக்கம்கூடப் பார்க்கவில்லை. நடுங்குகிற கையால் என் கன்னத்தைத் தடவினார்.

"போடா பைத்தியக்காரா. எனக்காக நீ பழியை ஏத்துக்கறியா? உன்னை மாதிரி ஒரு பிள்ளை யாருக்குடா கிடைக்கும்?"

நோட்டை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். யார் மீது இருந்த பாசத்தாலும் இல்லை. இவ்வளவு எடுத்துச் சொல்லியும் நம்பாமல், பெயரை அவரே வைத்துக்கொள்கிறாரே என்ற ஆத்திரம். ஒருவேளை பாசமாகவும் இருக்கலாம், நான் ஒன்றும் கல் இல்லை.

கண்காட்சி திங்கட்கிழமை திறக்கிறது. அட்டை அச்சடிக்க ஒரு நாள் போதும். நான் கேட்பது இது ஒன்றுதான். முதல் வரியை எடுத்துவிடுங்கள். அவர் எதையுமே செய்யவில்லை, சார். ஒரு ஸ்பூனைக்கூட இடம் மாற்றி வைத்தவர் இல்லை. செய்தது முழுக்க நான். செய்யாத ஒன்றை ஒருவர் தலையில் கட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உங்களுக்குத் தெரியாதா?