திரும்பிப் போனவர்களை எண்ணியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் புள்ளியம்மாவின் கணவர் அவர்களே, அவருடைய மகளே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் என் தெருக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வாசலில் ஓர் அம்மாள் உங்கள் கையில் பூவுக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பொத்தானைக் கொடுத்திருப்பார். "இங்கயும் சரக்கைத் தள்ளிட்டான்யா" என்று யாரோ முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. இருக்கட்டும். அதைப் பத்திரமாக வைத்திருங்கள். கடைசியில் கேட்பேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. சைக்கிளில் பொத்தானும் நூற்கண்டும் கட்டிக்கொண்டு தையற்கடை தையற்கடையாக அலைந்து, பிறகு மருத்துவமனை வாசலுக்கு எதிரே கடை போட்டவன். சுகாதாரப் புள்ளிவிவர அலுவலராக இருந்து மறைந்த நம் புள்ளியம்மாவைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஒரே தகுதிதான். நான் அவரிடம் தோற்றவன். அதைச் சபையில் ஒப்புக்கொள்ளத்தான் வந்தேன்.

மருத்துவமனை முன்கூடத்தில் ஒரு பலகை தொங்குகிறதே, பார்த்திருப்பீர்கள். அதில் பத்து வரிகள். தடுப்பூசி போட்ட குழந்தைகள் எத்தனை, பிரசவத்தில் இழந்த தாய்மார் எத்தனை, சர்க்கரை நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் நூற்றுக்கு எத்தனை என்று போகும். ஊரின் உடம்பு எப்படி இருக்கிறது, மருத்துவமனை எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தப் பத்து வரிகள் சொல்லியாக வேண்டும். எந்தப் பத்து என்று முடிவு செய்ய ஒரு குழு. கடைக்காரர்கள் சார்பில் அதில் நானும் இருக்கிறேன். புதிய வரி ஒன்று ஏற வேண்டுமானால் பழைய வரி ஒன்று இறங்க வேண்டும். கூட்டம் கிட்டத்தட்டப் பேருந்தில் இடம் பிடிக்கிற சண்டை மாதிரிதான் இருக்கும்.

என் முதல் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன்: "சீட்டு வாங்கின நேரத்திலேர்ந்து டாக்டரைப் பாக்கிற நேரம் வரைக்கும் எத்தனை நிமிஷம்? அதை அளங்க. மத்ததெல்லாம் தன்னால சரியாகும்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். புள்ளியம்மா மட்டும் பேனாவை மூடாமல் கேட்டார்: "சரிண்ணே. சீட்டு வாங்கறதுக்கு முன்னாடி நிக்கறவங்க?"

"கடைக்குள்ள வராதவன் எப்படிம்மா வாடிக்கையாளர் ஆவான்?"

ஒரே சிரிப்பு. அவரும் சிரித்தார். வாக்கெடுப்பில் என் வரி ஜெயித்தது.

அடுத்த ஆண்டு தொண்ணூறு நிமிடம் பதினெட்டாகக் குறைந்தது! பலகையில் பச்சை மையால் எழுதினார்கள். நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். எப்படிக் குறைந்தது என்று கேட்டேனா? கேட்கவில்லை. மருத்துவர் முன்னால் இருக்கை காலியாகும் வரை சீட்டு ஜன்னல் திறக்காது. அவ்வளவுதான் ரகசியம். யாரும் பொய் எழுதவில்லை. எண் நிஜம். அந்த நிஜ எண்ணுக்கு வெளியே, என் கடை வாசல் வரை, சீட்டில்லாமல் ஒரு வரிசை நீண்டு நின்றது. "வழியை அடைக்காதீங்கம்மா" என்று நானே அவர்களை விரட்டியிருக்கிறேன்.

அப்போதுதான் புள்ளியம்மா என் கடைப்படி ஏறினார்.

"உங்க மாடி ஜன்னல் வேணும்ணே. காலையில மட்டும்."

"எதுக்கும்மா?"

"எண்ணறதுக்கு."

"எதை?"

"பலகையில இல்லாதவங்கள."

ஒரு கண்ணாடி ஜாடி கேட்டார். வெள்ளையிலும் கறுப்பிலும் பொத்தான் கேட்டார். "திருப்பித் தந்துடணும்" என்றேன். "எண்ணித் தரேன், பயப்படாதீங்க" என்றார்.

அந்த மூன்று மாதக் காலைகள் இன்னும் என் கண்ணுக்குள் மிதக்கின்றன. மாடி முழுக்கப் பொத்தான் பெட்டிகள். சாய்வாக வரும் வெயிலில் ஒவ்வொரு பொத்தானும் சின்ன நிலா மாதிரி விழித்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அப்பால் சத்தமே இல்லாமல் அந்த வரிசை, தண்ணீருக்கடியில் யாரோ நூலை இழுப்பது போல அசையும். வாசலுக்குள் போனால் வெள்ளை. நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால் கறுப்பு. எண்ணினார், எண்ணினார், டீ ஆறிப்போகும் வரை எண்ணினார். வீட்டிலும் அப்படியா என்று அவர் கணவரிடம் கேட்டேன். "என் குறட்டை நிமிஷத்துக்கு எத்தனைன்னு காலையில சொல்லுவா" என்றார். ஆமாம்தானே ஐயா?

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களாண்ணே, திரும்பறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை வானத்தைப் பாக்கறாங்க."

உண்மைதான். வெயில் எவ்வளவு ஏறிவிட்டது என்று பார்ப்பார்கள். பிறகு போய்விடுவார்கள்.

இன்னொரு நாள், ஒரு நீலக்குடை. வெகுநேரம் நின்றது. குடை சாய்ந்தது, அடியிலிருந்த முகம் வானத்தைப் பார்த்தது, திரும்பியது. புள்ளியம்மா கறுப்புப் பொத்தானை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"போடாதீங்கம்மா. அது என் தங்கச்சி."

மார்பில் ஒரு கட்டி என்று அவள் சொல்லி இரண்டு வாரமாகியிருந்தது. "டாக்டரைப் பாத்துட்டேண்ணே, ஒண்ணுமில்லைன்னுட்டாரு" என்றாள். நானும் நம்பிவிட்டேன். பலகையில்தான் பதினெட்டு நிமிடம் என்று போட்டிருக்கிறதே!

புள்ளியம்மா கையை விடுவித்துக்கொண்டார். "யார் தங்கச்சியா இருந்தாலும் ஒண்ணுதான்ணே. நான் போட்டுக்கறேன், நீங்க ஓடுங்க."

ஜாடியில் பொத்தான் விழுந்த சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. ஓடினேன். பிடித்தேன். "ஏன்டி பொய் சொன்னே?" என்று கத்தினேன். "மூணு தடவை வந்தேண்ணே. அவ்வளவு பேர் நிக்கறாங்க. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துடுமே" என்றாள். என் வாயால் வைத்த அளவு, என் கூடப் பிறந்தவளை மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தது. நான்காம் முறை போகவிடவில்லை. அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தாள். வாசலில் உங்களுக்குப் பொத்தான் கொடுத்த அம்மாள் அவள்தான்.

அடுத்த கூட்டத்தில் புள்ளியம்மா ஜாடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நூறு பேர் வந்தால் இருபத்துமூன்று பேர் திரும்பிப் போகிறார்கள். சீட்டு ஜன்னல்காரர் மேல் சிலர் பாய்ந்தார்கள். புள்ளியம்மா தடுத்தார். "அவர் மேல தப்பில்ல. நாம எதை அளந்தோமோ, அதை நல்லாக் காட்டினார். தப்பா அளந்தது நாமதான்." என் வரியை இறக்கச் சொல்லி முதலில் கையைத் தூக்கியது நான். அந்த இடத்தில் ஏறியது "வந்து, பார்க்காமல் திரும்பியவர்கள்" என்ற வரி. சீட்டு ஜன்னலைச் சீக்கிரம் திறந்தார்கள், இரண்டாவது ஜன்னலும் வந்தது. இருபத்துமூன்று, ஒன்பதானது.

ஆனால் ஒன்பதும் சிவப்பு மைதான். வருகிற விருந்தாளி முதலில் அதைத்தான் பார்க்கிறார். புள்ளியம்மா மறைந்த மறுநாளே அறிவிப்பு வந்துவிட்டது: திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த வரியை நீக்கலாமாம். காரணம், எண்ணுவதற்கு ஆள் இல்லையாம். தலைமை மருத்துவர் ஐயா, கோபிக்காதீர்கள். என் தங்கையைப் பிழைக்க வைத்த கை உங்களுடையது, மறக்கவில்லை. ஆனால் ஆள் இருக்கிறது. நேற்று முதல் அந்த ஜன்னலில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முடியாத நாளில் நான். என் கண் மங்கினால் என் கடைக்காரர்கள்.

முந்தாநாள் ஒரு கனவு. தெருவே காலி. மருத்துவமனைக் கதவு அகலத் திறந்திருக்கிறது. ஜாடி முழுக்க வெள்ளை, பால் ததும்புவது போல. புள்ளியம்மா ஜன்னலில் பையைத் தோளில் மாட்டுகிறார். "எத்தனை பேர் திரும்பினாங்கம்மா?" என்கிறேன். "யாருமில்லண்ணே. அதான் கிளம்பறேன்" என்கிறார். விழித்து, விடிந்ததும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். வரிசை அப்படியே நின்றது. அம்மா, நீங்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டீர்கள்!

திங்கட்கிழமை காலை பத்து மணி. குழு அறை வாசலில் அந்த ஜாடி இருக்கும். அந்த வரி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உங்கள் பொத்தானைக் கொண்டுவந்து போடுங்கள். உள்ளே நான் கையைத் தூக்குவேன். இது புள்ளியம்மாவுக்கு நான் தரும் வாக்கு.

முடிக்க நினைத்தேன். இப்போது வாசலிலிருந்து என் தங்கை ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறாள். உங்களுக்கும் வாசிக்கிறேன். "உள்ளே வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. கறுப்பு ஒன்று. பழைய சீட்டு ஜன்னல்காரர் வாசல் வரை வந்தார். வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்."

கேட்டீர்களா? தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார். வாசல் பக்கம் இருப்பவர்கள் யாராவது ஓடுங்கள். தப்பு அவர் மேல் இல்லை என்று புள்ளியம்மா சொன்னதைச் சொல்லிக் கூட்டிவாருங்கள். அவர் வந்து உட்காரட்டும். அதுவரை நான் நின்றுகொண்டிருக்கிறேன்.