விரிசலை அடைக்கலாம்

பார்த்து மேடம், அந்தப் பாறையில கால வைக்காதீங்க, ஆடும். இப்படி ஓரமா வாங்க. அந்தச் செருப்பு இதுக்கு லாயக்கில்ல. ஆபீசுல பள்ளத்தாக்குன்னு மட்டும் சொல்லி அனுப்பியிருப்பாங்க, அடிவரைக்கும் எறங்கணும்னு சொல்லியிருக்க மாட்டாங்க.

ஆமா, நாம நிக்கிறதே ஓடைதான். நம்ப முடியலல்ல? இந்த எடத்துல இடுப்பளவு தண்ணி ஓடும். நானும் என் ஓரகத்தியும், அதான் கொழுந்தன் பொண்டாட்டி, துணி தொவைக்க வந்தா நேரம் போறதே தெரியாது. மாமியார் காதுல விழாம மாமியாரைத் திட்ட இதைவிட்டா வேற எடம் ஏது?

எப்படிப் போச்சா? உங்களுக்கு முன்னாடி வந்த அதிகாரி நல்லா வெளங்கச் சொன்னாரு. ஒரு துண்ட மேசை மேல விரிச்சு, ரெண்டு பக்கமும் கைய வச்சுத் தள்ளிக் காட்டினாரு. நடுவுல புடைச்சுக்கிச்சு. கீழ நிலக்கரிய எடுத்துட்டா ரெண்டு மலையும் இப்படித்தான் உள்ள நெருங்குமாம், நடுவுல தரை எழும்பி வெடிக்குமாம். வெடிச்ச வழியா ஓடை உள்ள போயிடுச்சு. காலையில வந்து பார்த்தா மீனு மட்டும் கெடக்கு, துடிச்சுக்கிட்டு.

சுரங்கத்த மூடினப்புறம் எல்லாத்தையும் பழையபடி ஆக்கித் தர்றோம்னாங்க. ஏதோ செஞ்சாங்க, இல்லேங்கல. அதோ மேட்டுல பாருங்க, வெள்ளை வெள்ளையா குழாய் நிக்குதே, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு மரக்கன்னு. என் கொழுந்தன்தான் நட்டான். கன்னு பாதி கருகிப் போச்சு, குழாய் மட்டும் வெறப்பா நிக்குது. ஆய்வுக்கு வர்றவங்க தூரத்துலருந்தே பார்த்துட்டு, நல்லா வந்திருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நீங்கதான் எறங்கி வந்திருக்கீங்க.

ம்? ஆமா, அந்த ஆட்சேபணை நான் குடுத்ததுதான். விரிசல்ல சிமெண்டுக் கரைசல ஊத்தி அடைச்சா ஓடை திரும்பும்னாங்க. எல்லாரும் சரின்னுட்டாங்க, கொழுந்தன்கூட. நான் ஒருத்திதான் கூடாதுன்னேன். வண்டிய மறிச்சு இதே எடத்துல உக்காந்துட்டேன். அன்னையிலருந்து ஓரகத்தி எங்கூடப் பேசறதில்ல. சுவரொட்டின வீடு, அவ இருமினாக்கூட எனக்குக் கேக்கும், ஆனா பேச்சில்ல. அவளச் சொல்லிக் குத்தமில்ல. தண்ணி லாரி மேட்டோட நின்னுடும், அங்கிருந்து குடத்தத் தூக்கிட்டு எறங்கணும். போன வாரம் சறுக்கி விழுந்துட்டா. மணிக்கட்டு முறிஞ்சு போச்சு.

இப்ப ரெண்டு வீட்டுக்கும் நான்தான் சுமக்கறேன். மொத நாள் குடத்தக் கொண்டு வச்சப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நேத்து, கட்டுப் போட்ட கையோட வாசல் வரைக்கும் வந்து, அக்கா, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படின்னா. அவ தண்ணியப் பத்திக் கேக்கல மேடம். என்னைப் பத்திக் கேட்டா.

அதனால எழுதிக்குங்க, ஆட்சேபணை இல்ல. அடைக்கட்டும். யோசிச்சுத்தான் சொல்றேன், யாரும் மெரட்டல.

அப்ப எதுக்குத் தடுத்தேனா? ஆபீசுல சொல்லலையா? சரி, கிட்ட வாங்க. இந்தப் பெரிய விரிசலுக்கு மேல உள்ளங்கையக் காட்டுங்க. வெதுவெதுன்னு வருதா? அடியிலருந்து வர்ற காத்து. காலைக் குளுருல பார்த்தா வெள்ளையா எழும்பும், யாரோ மூச்சு விடற மாதிரி. தெனம் வந்து கொஞ்ச நேரம் உக்காருவேன். வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவேன். ஓரகத்தி விழுந்ததையும் சொன்னேன்.

எங்க வீட்டுக்காரரு இதுக்குக் கீழதான் இருக்காரு மேடம். சுரங்கக் கூரை சரிஞ்சப்ப கூட இருந்தவங்க வெளிய வந்துட்டாங்க, அவரு வரல. தேடப் போனா இன்னும் சரியும்னு சொல்லி அந்தப் பக்கத்தையே சுவர் வச்சு அடைச்சுட்டாங்க.

கைய எடுக்க வேணாம், பரவாயில்ல, வச்சுக்குங்க. அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு. ஊத்த வர்றதுக்கு முன்னாடி மட்டும் எனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லுங்க. இனிமே வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எந்திரிச்சிடறேன்.