அனுப்புநர் முகவரி

என் மனைவி போடும் டீயில் சர்க்கரை எப்போதும் ஒரு கரண்டி தூக்கலாகவே இருக்கும் சார். பதினோரு வருடமாக முகம் சுளிக்காமல் குடித்துவருகிறேன். அவள் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிறவன் நான். அதை வாக்குமூலத்தில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு எழுதலாம்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆன்லைன் விளையாட்டு நிறுவனம், பாதுகாப்புப் பிரிவு, பகல் ஷிஃப்ட். ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து கோட்டையைக் காக்கிற விளையாட்டு அது. உலகம் முழுக்க ஆடுகிறார்கள். ஆடுகிறவர்களை விட ஏமாற்ற வருகிறவர்கள் சுறுசுறுப்பானவர்கள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் எங்கள் சர்வர் மீது குப்பைத் தகவல்களை லாரி லாரியாகக் கொட்டி ஆட்டத்தையே முடக்கிவிடுவார்கள். அப்படிக் கொட்டுகிற நெட்வொர்க் முகவரியை எங்கள் இயந்திரம் தானாகவே ஏழு நாளுக்கு அடைத்துவிடும். இரண்டாவது முறை அகப்பட்டால் இன்னொரு ஏழு நாள். அதோடு அந்த வீட்டில் ஆடுகிறவர் பெயர் மோசடிக்காரர் பட்டியலில் ஏறும், ஊரே பார்க்கலாம். 'நான் செய்யவில்லை' என்று அழுகிறவர்களின் மனுக்களைப் படித்துப் பதில் எழுதுவது மனிதர் வேலை. அந்த மனிதர் நான்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. உறையின் மேல் 'அனுப்புநர்' என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதித் தபாலில் போடலாம் இல்லையா, அதுபோலத்தான் இந்தத் தகவல்களும். பொய் முகவரியோடு அனுப்பினால் பதில் உங்களுக்கு வராது, அந்த முகவரிக்காரருக்குப் போகும். ஆனால் பதிலே தேவையில்லை என்றால்? எங்கள் சோதனை அறையில் அதற்கென்றே ஒரு பழைய கணினி இருக்கிறது. எதிரி எப்படி அடிப்பான் என்று நாங்களே அடித்துப் பார்க்க வைத்தது. அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கும்.

இப்போது என் மனைவியிடம் வருகிறேன். எனக்கு மாற்றல் வந்தபோது அவளும் என்னோடு வந்தாள். புது ஊரில் ஒருவரையும் தெரியாது. பாவம், பொழுது போகட்டும் என்று நானேதான் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். இணைப்பு திணறக்கூடாது என்று மாறாத முகவரி ஒன்றும் கேட்டு வாங்கினேன். எவ்வளவு செய்திருக்கிறேன் பாருங்கள்.

எட்டே மாதத்தில் அவள் ஒரு அணிக்குத் தலைவி. ஒரு நர்ஸ், ஒரு லாரி டிரைவர், ஒரு தையல்காரம்மா, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். முகம் பார்க்காத நால்வரும் அவளைக் 'கேப்டன்' என்பார்கள். நான் வீடு திரும்பும்போது வாசல்வரை அவள் சிரிப்பு கேட்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. கதவைத் திறந்து நான் உள்ளே போனால் குறைந்துவிடும். "வந்துட்டீங்களா, ஒரு பத்து நிமிஷம்" என்பாள். பத்து நிமிடம் எனக்குப் பெரிதில்லை. யாரோ ஒரு லாரி டிரைவரின் பேச்சுக்கு வந்த சிரிப்பு என்னைப் பார்த்ததும் ஏன் அடங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. நியாயமான கேள்விதானே?

அணி இறுதிப் போட்டிக்குத் தேறியது. ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். ஜெயித்தால் ஐந்து பேருக்கும் எங்கள் பயிற்சிப் பிரிவில் வேலை, வேறு ஊரில். "கிடைச்சா போகட்டுமாங்க?" என்று கேட்டாள். "தாராளமா போ" என்றேன். எப்போதுமே நான் மறுத்துப் பேசுகிறவன் இல்லை.

அவள் கேட்ட மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, சோதனை அறைக்குப் போய் எங்கள் வீட்டு முகவரியை அனுப்புநராகப் போட்டு அரை மணி நேரம் கொட்டினேன். வீடு அடைபட்டது.

அவள் மனு எழுதினாள். என் மேசைக்குத்தான் வந்தது. எழுத்து எவ்வளவு அழகு தெரியுமா, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. 'தீர ஆராய்ந்தோம், முடிவில் மாற்றமில்லை' என்று பதில் போட்டேன். எல்லோருக்கும் அதுதான் பதில். வீட்டுக்காரி என்பதற்காகச் சலுகை காட்டினால் அது வேலைக்குச் செய்கிற துரோகம்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டாள். "நீங்க அங்கதானே இருக்கீங்க, என்னன்னு ஒரு வார்த்தை பாத்துச் சொல்லக்கூடாதா?"

"வீட்டு ஆளு விஷயத்துல நான் தலையிடக்கூடாதும்மா, அது விதி."

"நான் ஒண்ணும் பண்ணலைங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றேன். அது சத்தியமான வார்த்தை. உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் அது நிச்சயமாகத் தெரியும்.

ஏழு நாள் அடுத்த வெள்ளிக்கிழமை முடிந்துவிடும், ஆட்டம் சனிக்கிழமை. அதனால் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு இன்னொரு முறை கொட்டினேன். அவள் பெயர் பட்டியலில் ஏறியது. அணிக்காரர்கள் அவளை நீக்கினார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் 'நம்ப முடியலம்மா' என்று ஒரு வரி அனுப்பினாராம். அவள் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு என் தோளில் சாய்ந்தாள். சந்தோஷமாக இருந்தது சார், மறைப்பானேன்.

யானைக்கும் அடி சறுக்கும். இரண்டாவது அடைப்புக்கும் அவள் மனு எழுதினாள்; விதிப்படி கொட்டிய தேதியும் நேரமும் பதிலில் போட வேண்டும், போட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை தண்ணீர்க் குழாய்க்காக எங்கள் தெருவைத் தோண்டியிருக்கிறார்கள். கேபிள் அறுந்து, ஒன்பது மணியிலிருந்து நாலு மணிவரை வீட்டில் இணைப்பே இல்லை. நான் திரும்பும்போது எல்லாம் சரியாகிவிட்டது. அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்திருப்பேன். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு குறைந்தால் இப்படித்தான்.

இணைப்புக்காரர் கொடுத்த புகார் ரசீதோடு அவள் இன்னொரு மனு போட்டாள். அன்றைக்குப் பார்த்து எனக்குப் பல்வலி, அரைநாள் லீவு. மனு பக்கத்து மேசைப் பெண்ணிடம் போயிற்று. கெட்டிக்காரி. செத்துக் கிடந்த லைனிலிருந்து எப்படிக் கொட்ட முடியும் என்று யோசித்து, முகவரியே பொய் என்று கண்டுபிடித்து, சோதனை அறைக் கதவில் யார் அட்டையைத் தேய்த்தது என்று பார்த்து, என் மனைவிக்கே போன் செய்துவிட்டாள். நான் வாயில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தேன். வீடு காலியாக இருந்தது. என் டீ கிளாஸ் மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

சனிக்கிழமை வேறொரு வீட்டிலிருந்து ஆடினாளாம், அணி மறுபடி சேர்த்துக்கொண்டதாம். ஜெயித்தார்களா என்று நான் கேட்கவில்லை.

எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது என்கிறீர்கள். தெரியும் சார். உங்கள் மேசை மேல் அந்த நீலத் தாளைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, அவள் அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். அக்காவுக்குத் தபால் ஆபீஸில் வேலை, வந்த கடிதம் எதையும் கிழித்துப் போடமாட்டாள். இதையும் நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வேலை மிச்சம். நாலு வருடத்துக்கு முன் 'இனி என் வீட்டுப் படி ஏறாதே, உன் முகத்தில் விழிக்க விருப்பமில்லை' என்று அந்தத் தாளில் எழுதியது நான். என் மனைவியின் கையெழுத்தில், அவள் பெயரில், அக்காவுக்கு. அக்கா ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள், வேறு வழியில்லை. அதற்கு முன்பு, என் மனைவி லீவில் இருந்தபோது அவள் ஆபீஸுக்கு அவள் பெயரில் ராஜினாமாக் கடிதம் போட்டதும் நான்தான். "என்னை வேண்டாம்னுட்டாங்க, அக்காவும் வேண்டாம்னுட்டா" என்று அவள் அழுத போதெல்லாம் கூட இருந்து கண்ணைத் துடைத்தது யார்? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே எல்லாவற்றையும் செய்தது நான்தான். ஆனால் அவளுக்கு என் மேல் கோபம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மன்னித்துவிட்டதாக எனக்கு எழுதியிருக்கிறாள், சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன், இதோ. நம்பிக்கை இல்லையென்றால் அந்த நீலத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுழி, கொம்பு, கால், எல்லாம் அச்சு அசலாக ஒரே கை சார்.